மெட்ராஸில் பிறந்தவரும் பனிமலை விடுமுறையும்

கேள்வி: அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளைக் குல்மார்க் அழைத்துப் போய்ப் பனிச்சறுக்கு கற்றுத்தரலாம் என்று வீட்டில் ஒரே பேச்சு. காசு செலவழித்துக் குளிரைத் தேடிப் போகும் இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தது?
– ஒரு வாசகி, தியாகராய நகர்

பதில்: சறுக்குக் கட்டை மிகப் பழசு, சறுக்கு விடுமுறைதான் புதுசு. வடக்கு ரஷ்யாவின் சதுப்பு நிலத்தில் கிடைத்த கட்டைத் துண்டுகளின் வயது ஏறக்குறைய 8,000 ஆண்டு. நார்வேயின் ரோடோய் தீவில், காலில் நீளக் கட்டை மாட்டிய ஓர் உருவத்தை நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே யாரோ பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு அது விளையாட்டே இல்லை. பனி மூடிய காட்டில் வேட்டைக்குப் போகவும் அடுத்த ஊருக்குப் போகவும் வேறு வழி கிடையாது, அவ்வளவுதான்.

விளையாட்டாக அதை மாற்றியவர்களில் முதலில் நிற்பவர் சோன்ரே நோர்ஹைம். நார்வேயின் மோர்கெடால் கிராமத்துக் குத்தகை விவசாயி. முறுக்கிய மரக்குச்சியால் குதிகாலையும் கட்டையோடு சேர்த்துப் பிணைத்துக்கொண்டார். கால் நழுவாது என்ற தைரியத்தில் குதிக்கவும் வளைந்து திரும்பவும் முடிந்தது. 1868இல், நாற்பதைத் தாண்டிய வயதில், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவுக்கு வந்து தலைநகரத்து இளைஞர்களைத் தோற்கடித்தார். இருபது ஆண்டு கழித்து, 1888இல், ஃபிரிட்யோஃப் நான்சென் பனிச்சறுக்குக் கட்டைகளோடு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அவர் எழுதிய பயணநூலைப் படித்த பிறகுதான் ஆல்ப்ஸ் பக்கம் பலருக்கு இந்த ஆசையே வந்தது.

அதே 1888இன் ஏப்ரல் 18 அன்று மெட்ராஸில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஆர்னால்ட் லன். தந்தை ஹென்றி லன், மெத்தடிஸ்ட் சபையின் மருத்துவ ஊழியராக இந்தியாவுக்கு வந்தவர். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் சீக்கிரமே குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிவிட்டார். அதனால் ஆர்னால்டுக்கு மெட்ராஸ் எதையும் கற்றுத்தந்ததாகப் பெருமை பேச வழியில்லை. ஆனால் வாசகி கேட்ட கேள்விக்கான பதில் இந்த அப்பா பிள்ளை இருவரிடமும்தான் இருக்கிறது.

ஹென்றி 1892இல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டில் கிறிஸ்தவ சபைகளை ஒன்றுசேர்க்கும் மாநாடு ஒன்றைக் கூட்டினார். சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் ஆட்களைத் திரட்டிச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போவது நல்ல தொழில் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கோடையில் மட்டும் கூட்டம் வரும் மலை ஓட்டல்களைக் குளிர்காலத்துக்கு மொத்தமாகப் பேசி எடுத்தார். 1905இல் பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தார். பெரிய பள்ளியில் படித்தவர்களுக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் அந்த வட்டாரத்தவருக்கும்தான் அதில் இடம். நம் ஊர் வெள்ளைக்கார கிளப்புகளின் கதைதான் அங்கேயும். ஆனால் ரயில், ஓட்டல், மலை மூன்றையும் ஒரே கட்டணத்தில் கட்டிக்கொடுத்துக் குடும்பங்களைப் பனிக்கு அழைத்துப் போகும் ஏற்பாடு அங்கேதான் வேர் பிடித்தது. இன்றைக்கு டூர் கம்பெனிக்காரர் நீட்டும் ‘ஐந்து இரவு ஆறு பகல்’ அட்டைக்கு ஹென்றிதான் முப்பாட்டன்.

மகன் ஆர்னால்ட் செய்தது இன்னும் பெரிய வேலை. நார்வேக்காரர்களுக்கு நெடுந்தூரம் ஓடுவதும் உயரத்திலிருந்து குதிப்பதும்தான் வீரம். சரிவில் இறங்குவதெல்லாம் ஒரு போட்டியா என்று ஏளனமாகப் பார்த்தார்கள். ஆர்னால்ட் இறங்குவதையே போட்டியாக்கினார். 1911இல் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் நடந்த முதல் இறங்கு பந்தயத்துக்குக் கோப்பை கொடுத்தவர் காந்தஹார் புகழ் ராபர்ட்ஸ் பிரபு. அவர் 1880களில் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர்! 1922இல் முரென் கிராமத்தில் கொடிகளை இரண்டிரண்டாக நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து நெளிந்து யார் சீக்கிரம் இறங்குகிறார் என்று பார்த்தார் ஆர்னால்ட். அதுவரை அழகுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் ஒன்றே போதும் என்றார் அவர். அதுதான் இன்றைய ஸ்லாலம். 1931இல் அதே முரெனில் முதல் உலகப் போட்டி, 1936இல் ஒலிம்பிக் என்று அது வளர்ந்தது. இத்தனைக்கும் 1909இல் வேல்ஸ் மலை ஒன்றில் ஏறும்போது விழுந்து, ஒரு கால் குட்டையாகிப்போன மனிதர் அவர்.

தன் மகன் பீட்டரையும் சின்னஞ்சிறு வயதிலேயே கட்டையில் ஏற்றிவிட்டார். 1936 ஒலிம்பிக்கில் பிரிட்டன் பனிச்சறுக்கு அணியின் தலைவர் அந்தப் பீட்டர்தான். பிற்பாடு பிரிட்டிஷ் உளவுத்துறையில் சேர்ந்து பெர்லினில் சோவியத் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்கச் சுரங்கம் தோண்டியவர்களில் ஒருவரானது தனிக்கதை.

கேள்வி: டொராண்டோவிலிருந்து மகள் வீடியோ அனுப்பியிருக்கிறாள். ஐந்து வயதுப் பேரன் பனியில் சறுக்குகிறான், வாத்தியார் பின்னாலிருந்து ‘பீட்சா, பீட்சா’ என்று கத்துகிறார். பசிக்கிறதா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். என்ன சார் இது?
– ஒரு தாத்தா, மயிலாப்பூர்

பதில்: கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வைத்தால் பீட்சாத் துண்டின் முக்கோணம் வரும். அப்போது கட்டைகளின் உள்விளிம்பு பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைக்கும். இரண்டையும் இணையாக வைத்தால் அது ஃபிரெஞ்ச் ஃபிரை, வேகம் பிடிக்கும். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது இந்த இரண்டு தின்பண்டங்களைத்தான்.

பெயர் புதிது, பாடம் நூறு வயதைத் தாண்டியது. ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி 1890களிலேயே மலைச்சரிவுக்கு ஏற்ற முறையை எழுதி வைத்தார். அதைப் படிப்படியான பாடத்திட்டமாக ஆக்கியவர் ஹன்னெஸ் ஷ்னைடர். 1890இல் ஸ்டூபென் என்ற மலைக்கிராமத்தில் பிறந்த இவர், 1907இல் சாங்க்ட் ஆன்டோனில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். முதல் உலகப்போரில் மலைப்படை வீரர்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் பயிற்சி கொடுத்தார். போர் முடிந்ததும் அதே ஒழுங்கைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். முதலில் முக்கோணம், பிறகு பாதி முக்கோணம், கடைசியில் இணை. முதல் வகுப்பு தேறாமல் இரண்டாம் வகுப்பு கிடையாது. நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓட விடுவது என்ற இந்த வரிசைதான் ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட நம்பி மலையில் விட வழிசெய்தது.

அந்த ஷ்னைடரும் ஆர்னால்ட் லன்னும் சேர்ந்து 1928இல் ஆர்ல்பெர்க்–காந்தஹார் பந்தயத்தைத் தொடங்கினார்கள். 1938இல் ஆஸ்திரியாவுக்குள் புகுந்த நாஜிகள் ஷ்னைடரைச் சிறையில் தள்ளினார்கள். லன் அந்த ஆண்டுப் பந்தயத்தையே ரத்து செய்தார். 1939 பிப்ரவரியில் ஷ்னைடர் குடும்பத்தோடு அமெரிக்காவின் நார்த் கான்வேயில் ரயிலிலிருந்து இறங்கியபோது, சறுக்குக் கோல்களை உயர்த்திப் பிடித்துத் தோரணம் போட்டு வரவேற்றார்கள் ஊர்ப்பிள்ளைகள். வட அமெரிக்காவின் பனிச்சறுக்குப் பள்ளிகளில் அவர் பாடம் பரவியது. மயிலாப்பூர்த் தாத்தா அடுத்த வீடியோ அழைப்பில் ‘முக்கோணம்டா கண்ணா’ என்று தாராளமாகக் கத்தலாம்.

கேள்வி: குல்மார்க்கும் தொட்டபெட்டாவும் ஒரே உயரம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் ஊட்டியில் ஏன் பனி கொட்டுவதில்லை?
– ஏழாம் வகுப்பு மாணவி, அடையாறு

பதில்: கணக்கு சரி. தொட்டபெட்டா 2,637 மீட்டர், குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். ஆனால் தொட்டபெட்டா பூமத்திய ரேகையிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கிறது, குல்மார்க் 34 பாகை. ஜனவரிச் சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி காய்வதில்லை. உயரம் கூடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஆறு ஆறரை டிகிரி குறையும். கீழே சமவெளியில் 25 டிகிரி இருந்தால், தொட்டபெட்டாவில் எட்டு ஒன்பது டிகிரிக்கு வந்து நிற்கும்.

இன்னொன்று ஈரம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பும் மேற்கத்திய இடையூறுகள்தான் காஷ்மீரில் குளிர்காலப் பனியைக் கொட்டுகின்றன. அவை நீலகிரி வரை வருவதில்லை. ஊட்டிக்குக் கடுங்குளிர் வரும் நாட்களில் வானம் வெறிச்சென்று இருக்கும். மேகமில்லாத இரவில் தரை சூட்டை இழந்து, பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று தேங்கிப் புல்வெளி வெளுக்கும். அது மேலிருந்து விழுந்த பனி இல்லை, அங்கேயே உறைந்த உறைபனி. தேயிலைச் செடியைக் கருக்க அது போதும், சறுக்கப் போதாது.

கேள்வி: மலை ஏற நாற்காலி விட்டது யார்?
– மந்தைவெளி வாசகர்

பதில்: வாழைப்பழம். அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி, ரயிலில் கூட்டம் சேர்ப்பதற்காக ஐடாஹோவில் சன் வேலி என்ற பனி வாசஸ்தலத்தைக் கட்டியது. அங்கே ஆட்களை மேலே கொண்டுபோக வழி தேடிய பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் தொங்குகம்பி இயந்திரத்தில் முன்பு வேலை செய்தவர். தாரைக் கழற்றிவிட்டு நாற்காலியை மாட்டினார். பனியே இல்லாத ஓமஹாவில், லாரியில் நாற்காலியைக் கட்டி, சக்கரக் காலணி மாட்டிய ஆளை அதில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார்கள். 1936 டிசம்பரில் அது ஓட ஆரம்பித்தது. அதற்கும் முன்னால், 1908லேயே, ஜெர்மனியின் கருங்காட்டில் ராபர்ட் வின்டர்ஹால்டர் என்ற விடுதிக்காரர், தண்ணீர் ஆலைச் சக்கரத்தின் பலத்தில் கம்பியை ஓடவிட்டு விருந்தாளிகளை மேலே இழுத்திருக்கிறார். ஏறும் களைப்பு போனதால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சறுக்கத் தெம்பு மிஞ்சியது.

கேள்வி: சரி, குல்மார்க்கில் இது எப்போதிலிருந்து? எட்டு வயதுப் பெண்ணை நம்பி அழைத்துப் போகலாமா?
– இன்னொரு வாசகி, தியாகராய நகர்

பதில்: குல்மார்க்கில் ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவை வெள்ளைக்காரர்கள் தொடங்கியது 1927இல். அவர்கள் போன பிறகு கொஞ்ச காலம் சரிவுகள் வெறிச்சோடின. 1968இல் மத்திய அரசு இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகத்தை அங்கே அமைத்தது. 1998இல் கேபிள் காரின் முதல் கட்டம் கொங்தூரி வரை வந்தது, 2005இல் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே போனது. அந்த ஊர்ச் சரிவில் அப்பாவின் பனிச்சறுக்குச் சாமான் கடையை ஒட்டி, நாலு வயதில் பழகிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்றார். அவர் இறங்கிய இரண்டு போட்டிகளில் ஒன்று, மெட்ராஸில் பிறந்தவர் உருவாக்கிய ஸ்லாலம்.

எட்டு வயது தாராளமாகப் போதும். தேதிதான் சிக்கல். காஷ்மீரில் கடுங்குளிரின் நாற்பது நாளைச் சில்லாய் கலான் என்பார்கள், டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை. நம் அரையாண்டு விடுமுறை அதன் வாசலில் நிற்கிறது. அப்போது சறுக்கும் அளவுக்குப் பனி சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்தரை தெரியக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். உறுதி எப்போதும் இல்லை என்றாலும், பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். வகுப்பாசிரியை முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கட்டை, காலணி, கோல் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பாண்டி பஜாரில் அலைந்து வாங்கவேண்டியது ஒன்றும் பெரிதாக இல்லை. நனையாத கையுறையும் உள்ளே போட ஒரு கம்பளிச் சட்டையும் போதும். பெண்ணுக்குத் தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஒருமுறை ஈசிஆரில் வி.ஜி.பி.யின் ஸ்னோ கிங்டம் போய்வரலாம், ஆனால் அங்கே சறுக்குவதைப் பயிற்சியாகக் கணக்கில் வைக்கக்கூடாது. முதல் இரண்டு நாளும் அடிவாரத்து மேட்டில் பயிற்சியாளரோடு பீட்சாவே படிக்கட்டும். கொங்தூரி வரை கேபிள் காரில் போய்ப் பார்த்து வரலாம். அஃபர்வட் உச்சிச் சரிவு பனிச்சரிவு அபாயம் உள்ள இடம், தேறியவர்களுக்கு மட்டுமே. அப்பா எவ்வளவு ஆசைப்பட்டாலும் கட்டையோடு அந்தப் பக்கம் விடாதீர்கள்.