காதோரக் கட்டி: முதல் கத்தி யாருடையது?

குழந்தைக்குக் காதுக்குக் கீழே வீங்கினால் மும்பை தாராவியில் முதலில் மஞ்சள் பற்று, அடுத்தது கழுத்தில் தங்கச் சங்கிலி. பொன்னுக்கு வீங்கியானால் இரண்டும் இல்லாமலே பத்து நாளில் வற்றிவிடும். காய்ச்சலில்லை, வலியில்லை, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது, மூன்று வாரமாகியும் கரையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். சிரிக்கும்போது வாய் கோணினால் அன்றைக்கே கிளம்புங்கள். குழந்தைகளுக்குக் காதோரம் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி வருவது அபூர்வம். ஆனால் வரும் கெட்டிக் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம்.

சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் அங்கே எடுக்கலாம். டிபி நெறிகட்டியா, வேறு கட்டியா என்பது பெரும்பாலும் அதிலேயே பிடிபடும். பரிசோதிக்காமல் டிபி மாத்திரை தொடங்க வேண்டாம். ஊசி குத்தினால் பரவும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால், தலையாட்டிவிட்டுப் போய்க் குத்திக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை என்றால் பரேலில் 1929 முதல் இருக்கும் வாடியா குழந்தைகள் மருத்துவமனையைத்தான் நான் சொல்வேன். அந்த வயதில் அதிகம் வருவது ரத்தக்குழாய்க் கட்டி. ப்ரொப்ரனலால் மருந்திலேயே பெரும்பாலும் சுருங்கிவிடும். ஊசி முடிவில் 'சந்தேகம்' என்று வந்தால் நேரே டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை. சயானிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன்.

எங்கும் போகலாம், ஒரு இடத்தைத் தவிர: "சின்னக் கட்டிதான், கீறி எடுத்துட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்கிற நர்சிங் ஹோம். புற்றல்லாத, சாதுவான ப்ளியோமார்ஃபிக் அடினோமா கட்டிக்கே மேலுறை மெல்லியது. அதைத் தாண்டி மொட்டு மொட்டாக நீட்டிக்கொண்டிருக்கும். கட்டியை மட்டும் தோண்டினால் மொட்டு தங்கி, பல வருஷம் கழித்துக் கொத்தாக முளைக்கும். அப்போது முக நரம்பு தழும்புக்குள் சிக்கியிருக்கும். அது வெட்டுப்பட்டால் கண் மூடாது, வாய் கோணும். அதனால் நரம்பைத் தேடிப் பிரித்து, சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்து எடுக்க வேண்டும். குழந்தைக்கு அந்த நரம்பு தோலுக்கு இன்னும் அருகில் ஓடுகிறது. "இந்த ஆபரேஷன் எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கீங்க, டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

புற்றுதான் என்றாலும், அதிகம் வருவது மியூகோஎபிடெர்மாய்டு வகை. கிரேடு குறைவு, வெட்டிய ஓரம் சுத்தம் என்றால் பெரும்பாலும் ஆபரேஷனோடு சரி. கிரேடு அதிகமாகவோ, கழுத்து நெறிகளில் பரவியோ இருந்தால்தான் கதிர்வீச்சுப் பேச்சு வரும். வளரும் தாடை, பல் இரண்டையும் அது பாதிக்கும். பிற்காலத்தில் வேறு புற்று வரும் ஆபத்தும் உண்டு. கார்கரில் டாடாவின் ஆக்ட்ரெக் மையத்தில் புரோட்டான் சிகிச்சை இருக்கிறது, நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள்.

செம்பூர், மாட்டுங்காக்காரர்கள் சிலர் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை நினைப்பார்கள். நல்ல இடம்தான். ஆனால் பல வருஷம் செக்கப்புக்குப் போக வேண்டும். பிள்ளை எங்கே படிக்கப் போகிறதோ அங்கேயே வைத்தியத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே செய்தாலும் கட்டியின் ஸ்லைடு, பிளாக், ஆபரேஷன் குறிப்பு மூன்றையும் டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். ஆறு மாசம் கழித்துப் போனால் கவுன்டர் கவுன்டராக அலைய வேண்டியிருக்கும்.