சிரிக்க வைக்காத 007

கல்லூரி ஆண்டு விழாவுக்காக ஒருமுறை உளவாளிப் படங்களைக் கிண்டலடித்து இருபது நிமிட நாடகம் எழுதினேன். ஒத்திகையில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். விழா அன்று அரங்கில் ஓர் இருமல் சத்தம்தான் கேட்டது. என்ன தப்பு செய்தோம் என்பது பல வருடம் கழித்து 1967-இல் வந்த 'காசினோ ராயல்' பார்த்தபோதுதான் உறைத்தது.

டேனியல் கிரெய்க் நடித்த 2006 படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது இயன் ஃபிளெமிங் நாவலின் பெயரை வைத்துக்கொண்டு ஜேம்ஸ் பாண்டையே நக்கலடிக்க எடுத்த படம். டேவிட் நிவன், பீட்டர் செல்லர்ஸ், ஆர்சன் வெல்ஸ், உடி ஆலன் என்று நடிகர் பட்டியல் கல்யாண விருந்து மாதிரி இருக்கும். டைட்டிலில் இயக்குநர்கள் மட்டும் ஐந்து பேர். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

செல்லர்ஸுக்கும் வெல்ஸுக்கும் ஆகவில்லை. சீட்டாட்ட மேசையில் இருவரும் மோதும் காட்சியைக்கூடப் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் எடுத்தார்களாம். படம் முடியுமுன்பே செல்லர்ஸ் விலகிப் போய்விட்டார். கையில் இருந்த துண்டுகளுக்கு ஒட்டுப்போட்டு 131 நிமிடப் படமாக்கிவிட்டார்கள். எதிரியைக் குழப்ப எல்லா உளவாளிகளுக்கும் ஜேம்ஸ் பாண்ட் என்றே பெயர் வைப்பது நல்ல கற்பனைதான். ஆனால் அரை மணி நேரத்தில் எதிரி தெளிவாக இருக்கிறான், நமக்குத்தான் தலை சுற்றுகிறது. கடைசியில் கௌபாய்கள் வருகிறார்கள், செவ்விந்தியர்கள் பாராசூட்டில் குதிக்கிறார்கள், காசினோவே வெடித்துச் சிதறுகிறது. கதையை முடிக்கத் தெரியாதவன் குண்டு வைப்பான். என் நாடகமும் குண்டில்தான் முடிந்தது.

பாண்ட் படங்களே பாதி கேலிதான். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் வில்லனின் அடியாள் தொப்பியை வீசிச் சிலையின் தலையைச் சீவுவான். அதைவிடப் பெரிதாகப் புளுகினால் சிரிப்பு வராது. நடுவில் ஒரு ஆளாவது அதை முழுசாக நம்ப வேண்டும். 1980-இல் வந்த 'ஏர்ப்ளேன்' படத்தில் லெஸ்லி நீல்சன் டாக்டராக வருவார். அதுவரை சீரியஸ் வேடங்களில் நடித்தவர். அதே முகத்தோடு அபத்தமாகப் பேசுவார். அவர் சிரிக்காததால் நாம் சிரிக்கிறோம். காசினோ ராயலில் ஆளாளுக்கு நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். எங்கள் மேடையிலும் அதே கதை.

இப்போது யாராவது கிண்டல் நாடகம் எழுதிக் கொண்டுவந்தால், ஜோக்கையெல்லாம் எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்வேன். கதை நிற்க வேண்டும். ஒத்திகையில் நடிப்பவனே சிரிக்கும் வசனத்தை யோசிக்காமல் வெட்டச் சொல்வேன். அடிக்க வருவான், வெட்டியே ஆகவேண்டும்.

காசினோ ராயல் வசூலில் தோற்கவில்லை என்பது தனி வேடிக்கை. பர்ட் பக்கராக்கின் இசையும் அருமை. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய 'தி லுக் ஆஃப் லவ்' ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பாட்டை மட்டும் கேளுங்கள், படத்தை விட்டுவிடுங்கள்.