பைபிள் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

சபையில் சேர்ந்து வாசித்தது போதாது, தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசை வந்தவுடன் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பைபிள் வாங்கலாம் ஐயா?" என்பதுதான். கடலூர் ஓ.டி. பிள்ளைகளும் கேட்கிறார்கள், அண்ணாமலை நகர் விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவதைவிட எழுதியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. வரிசை முக்கியம். கீழே உள்ளதை மேலே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

1. உங்கள் சபையில் சத்தமாக வாசிக்கிற பதிப்பை முதலில் வாங்குங்கள்.

ஆற்காடு லுத்தரன் சபை, சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எங்கே இருந்தாலும் பெரும்பாலும் அது யூனியன் பதிப்பு. செல்போன் செயலியில் ஓ.வி. என்று போட்டிருக்கும். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துப் பங்கு ஒன்றில் வளர்ந்தவர் என்றால் அது திருவிவிலியம். "பழைய தமிழ் புரியவில்லை, புதிதாக ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். ஞாயிறு பள்ளி மனப்பாடம், பிரசங்கம், கல்யாணம், அடக்க ஆராதனை என்று எல்லாமே உங்கள் காதில் அந்தப் பதிப்பில்தான் விழுந்திருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் சொந்தப் படிப்பு தொடங்குகிறது. முற்றிலும் புதிய வார்த்தைகளில் தொடங்கினால், பாதி நேரம் தெரிந்ததைத் தேடுவதிலேயே போய்விடும்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஓரத்தில் எழுத இடம் இருக்கட்டும். தோல் அட்டை, ஜிப், தங்க விளிம்பு எல்லாம் பரிசு கொடுக்கிறவர்களின் கவலை.

2. அந்தத் தமிழ் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தொலைதூரக் கதை இல்லை. சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகக் கீழே இறங்கினால் தரங்கம்பாடி. மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கியது 1706-இல். 1711-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்துவிட்டார். எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டவை; அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1714-இலும் 1715-இலும் புத்தகம் வெளிவந்தது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பொறையாறில் ஆலையே போட்டுப் பார்த்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்திருந்தார், 1719-இல் இறந்துபோனார். மீதியை முடித்தவர் சூல்ட்சே.

கடலூருக்கும் இதில் பங்கு உண்டு. சுவீடன் நாட்டுக்காரரான கீர்னாண்டர் 1740-இல் இங்கே மிஷன் வேலைக்கு வந்தார். 1758-இல் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையை லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்த பிறகு அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அதே காலத்தில் சென்னை வேப்பேரியில் பப்ரீஷியஸ் பழைய மொழிபெயர்ப்பை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். லுத்தரன் சபைகள் அந்தத் தமிழை நெடுங்காலம் விடவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பு செய்தபோது அவருக்குத் துணையாக உட்கார்ந்தவர் ஆறுமுக நாவலர். ஆம், சைவத்துக்காகக் கடைசிவரை வாதாடிய அதே நாவலர்தான். 1850-இல் வெளியான அந்தப் பதிப்பை இங்கே இருந்த மிஷனரிகள் ஏற்கவில்லை. பப்ரீஷியஸின் நடையிலிருந்து அது தள்ளிப் போய்விட்டது என்பது அவர்கள் குறை. நாவலர் பிறகு 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் பெயரைச் சொல்லும் பள்ளி இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. அதைத் தாண்டிக் கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பேர்சிவல் பதிப்பு நிலைக்காத இடத்தில்தான் பவர் பாதிரியார் தலைமையில் பல மிஷன்கள் கூடிச் செய்த பதிப்பு வந்தது. கூடிச் செய்ததால் 'யூனியன்'. 1871-இல் அது முடிவான வடிவம் பெற்றது. பவரோடு உழைத்த தமிழ்ப் புலவர் முத்தையா பிள்ளை. இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தையும் 1868-இல் பதிப்பித்தார்கள். உ.வே.சா.வின் முழுப் பதிப்பு வருவதற்குப் பத்தொன்பது ஆண்டு முன்பு! யூனியன் பதிப்பை "வெள்ளைக்காரத் தமிழ்" என்று போகிற போக்கில் கேலி செய்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்தன. டேனிஷ் மிஷன் வழியாக இந்தியாவுக்கு வந்த லார்சனின் திருத்தம் 1936-இல், மோனஹனின் திருத்தம் 1954-இல். இரண்டும் கவனமான வேலை. இருந்தும் சபையின் காது 1871-ஐ விடவில்லை. ஆக, எந்தப் பதிப்பும் முன்னால் செய்தவர்களின் தோளில் நின்று, பின்னால் வருகிறவர்களின் திருத்தத்துக்குக் காத்திருந்த பதிப்புதான். உங்கள் கையில் இருப்பதே மூலம் என்று யாராவது மேசையைத் தட்டிச் சொன்னால் இந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டாவது பதிப்பு வேறு குடும்பத்திலிருந்து வரட்டும்.

யூனியன் வைத்திருப்பவர் திருவிவிலியம் வாங்க வேண்டும், திருவிவிலியம் வைத்திருப்பவர் யூனியன் வாங்க வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

திருவிவிலியம் 1995-இல் வந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. அதன் வேலைக்கு மையமாக இருந்தது திண்டிவனத்தில் உள்ள கத்தோலிக்க விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம். இங்கிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால் வழியில் வருகிற ஊர்தான். "அது கத்தோலிக்க பைபிள், நமக்கு எதற்கு?" என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். புராட்டஸ்டண்டு சபைகளுக்காக 66 நூல்கள் மட்டும் உள்ள பதிப்பும் உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதலில் கண்ணில் படுவது மரியாதை. யூனியனில் பேதுரு 'அவன்', மரியாள் 'அவள்'. திருவிவிலியத்தில் அவர்கள் 'அவர்' ஆகிவிடுகிறார்கள். கிரேக்கத்தில் அப்படி ஒரு வேறுபாடே கிடையாது. தமிழில் எழுதுகிறவர் யாருக்கு மரியாதை கொடுப்பது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. யோவான் 4-ஆம் அதிகாரத்தில் கிணற்றடிக்கு வருகிற சமாரியப் பெண்ணை இரண்டிலும் வாசித்துப் பாருங்கள். அவளைப் பற்றி நாம் கேட்ட பிரசங்கங்களில் எவ்வளவு வேதத்திலிருந்து வந்தது, எவ்வளவு நம் ஊர்ப் பேச்சிலிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும்.

4. புத்தகப் பெயர்கள் மாறியிருக்கும். அட்டையின் உள்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆதியாகமம் என்பது அங்கே தொடக்க நூல். யாத்திராகமம் விடுதலைப் பயணம். சங்கீதம் திருப்பாடல்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் உள்ளிட்ட ஏழு நூல்கள் கூடுதல், மொத்தம் 73. புராட்டஸ்டண்டு பிள்ளைகளும் 1 மக்கபேயரை ஒருமுறை வாசித்தால் நல்லது. மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே யூதர்களுக்கு என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகுதான் விளங்கும்.

5. "வசனத்தைக் காணோம்" என்று வாட்ஸ்அப் செய்தி வந்தால் பதறாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது இது சுற்றிவரும். யூனியன் பதிப்பில் அப்போஸ்தலர் 8:37 இருக்கிறது. புதிய பதிப்புகள் பலவற்றில் அது விடப்பட்டிருக்கும், அல்லது அடிக்குறிப்புக்கு இறங்கியிருக்கும். 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் சாட்சியிடுவதாக வருகிற பகுதியும் அப்படித்தான். உடனே "பிசாசின் சதி" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நடந்தது இதுதான். யூனியன் குழு வைத்துக்கொண்ட கிரேக்க மூலம், எராஸ்மஸ் 1516-இல் அச்சிட்டதன் வழிவந்தது. அவர் கையில் இருந்தவை ஒருசில கையெழுத்துப் பிரதிகள், அவையும் பிற்காலத்தவை. அந்த 1 யோவான் வரியை எராஸ்மஸே முதல் இரண்டு பதிப்புகளில் போடவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1522-இல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்துப் பிரதி போன்ற, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரதிகள் ஆராய்ச்சிக்கு வந்தன. அவற்றில் இந்த வரிகள் இல்லை. வசன எண்களோ 1551-இல் எஸ்தியேன் என்ற பாரீஸ் அச்சுக்காரர் போட்டவை. அந்த எண்கள் நிலைத்துவிட்டதால், வரி போனாலும் எண் ஒன்று துள்ளிக்கொண்டு நிற்கிறது. யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி எடுக்கவில்லை. திரித்துவ நம்பிக்கை இந்த ஒரு வரியில் தொங்கவும் இல்லை. மத்தேயு 28:19 எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது.

6. எளிய தமிழ்ப் பதிப்புகளை வேகமாக வாசிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எளிதில் வாசிக்கும் பதிப்பு, இந்திய சமகாலத் தமிழ் மொழிபெயர்ப்பு போன்றவை செயலிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. நியாயாதிபதிகள் முதல் 2 இராஜாக்கள் வரை கதையாக ஓட்டமாகப் படிக்க இவை அருமை. ஒரு பத்தியின் மேல் வாரம் முழுக்க உட்கார இவை போதாது. கடினமான இடத்தில் மொழிபெயர்த்தவரே முடிவெடுத்து நமக்குச் சுலபமாக்கித் தந்திருப்பார்; அந்த முடிவு எடுக்கப்பட்டதே நமக்குத் தெரியாது.

7. கருவிகளுக்கு அவசரப்படாதீர்கள்.

பைபிள் வாங்கிய வாரமே விளக்கவுரைத் தொகுதி, ஸ்டடி பைபிள், கன்கார்டன்ஸ் என்று அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இலையில் சோறு விழுமுன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கதை அது.

முதல் கருவி ஒரு கோடு போட்ட நோட்டு. இரண்டாவது, ஓரத்தில் இணைவசனக் குறிப்புள்ள பைபிள். வேதத்தை வேதத்தால் விளக்கிக்கொள்ள அது கற்றுக்கொடுக்கும். மூன்றாவது, நல்ல வரைபடம். பவுல் அந்தியோகியாவிலிருந்து புறப்பட்டு எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை விரல் வைத்துப் பார்க்காமல் நடபடிகளைப் படிப்பதில் பாதிதான் பயன். கன்கார்டன்ஸ், அதாவது ஒத்தவாக்கிய அகராதி, அதற்குப் பிறகு. தமிழில் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் யூனியன் சொற்களை வைத்துத் தொகுத்தவை. திருவிவிலியத்தைத் திறந்துகொண்டு அதில் தேடினால் வார்த்தை கிடைக்காது.

ஸ்டடி பைபிளில் ஓர் ஆபத்து உண்டு. வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் இருப்பதால், நாளடைவில் எது யாருடைய பேச்சு என்பது மறந்துபோகிறது. 1909-இல் ஸ்கோஃபீல்டு தன் கருத்துகளை வேதத்தின் அடியில் அச்சிட்டார். அவருடைய காலவரிசைப் போதனையை வேதமே சொல்கிறது என்று நம்புகிற பேர் இன்றும் இருக்கிறார்கள்.

செயலிகளில் இலவசமாக வருகிறவை ஏன் இலவசம் என்றும் கேளுங்கள். மத்தேயு ஹென்றி தன் விளக்கவுரையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். மூலமொழிச் சொற்களுக்கு இட்ட ஸ்ட்ராங் எண்கள் 1890-இல் வந்தவை. காப்புரிமைக் காலம் முடிந்ததால் எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள். ஹென்றியிடம் பக்தி உண்டு, வாசியுங்கள். ஆனால் அவருக்குப் பின் முந்நூறு ஆண்டுகளில் மண்ணுக்கடியிலும் மடங்களிலும் கண்டெடுத்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஸ்ட்ராங் எண்ணைத் தட்டினால் ஒரு கிரேக்கச் சொல்லுக்கு எட்டுப் பொருள் வரும். பிடித்த பொருளை எடுத்து வசனத்தில் செருகுவது ஆராய்ச்சி ஆகாது. அந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை முன்னும் பின்னும் உள்ள வரிகள்தான் சொல்லும்.

8. ஆங்கிலப் பதிப்பு?

கல்லூரிப் பிள்ளைகள் விரும்பினால் ஒன்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது இடத்தில்தான். தமிழில் புரியாததை ஆங்கிலத்தில் பார்த்தவுடன் "அசல் அர்த்தம் கிடைத்துவிட்டது" என்று சொல்லாதீர்கள்; அதுவும் மொழிபெயர்ப்புதான்.

9. அதிகார எண்ணில் நிறுத்தாதீர்கள்.

அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தவை, பத்திகளுக்கு மேலுள்ள தலைப்புகள் பதிப்பாசிரியர் போட்டவை. 1 கொரிந்தியர் 11-இன் முதல் வசனம் உண்மையில் பத்தாம் அதிகாரத்தின் கடைசி வரி. யூனியனின் பழைய அச்சில் ஒவ்வொரு வசனமும் தனி வரியாக நிற்பதால், கடிதத்தைப் பழமொழித் தொகுப்பு போல வாசிக்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

10. இந்த வாரம் பிலேமோன்.

மொத்தம் 25 வசனங்கள், ஒரே அதிகாரம். முதல் நாள் உங்கள் சபைப் பதிப்பில் சத்தமாக வாசியுங்கள். மறுநாள் மற்றதில். எங்கெல்லாம் இரண்டும் பிரிகின்றன என்று நோட்டில் எழுதுங்கள். பவுல் எப்போது கெஞ்சுகிறார், எப்போது உரிமையோடு அழுத்துகிறார் என்று கோடு போடுங்கள். கொலோசெயர் 4:9-இல் ஒநேசிமுவின் பெயர் மறுபடி வருகிறது, அதையும் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு விளக்கவுரையைத் திறக்கலாம். திரும்பி வந்த அடிமையான அந்த ஒநேசிமுவைப் பிலேமோன் என்ன செய்தான் என்று கடிதம் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எந்த வரியை வைத்து அப்படித் தோன்றுகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.