மரையைக் காப்பாற்று, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய 26 அங்குல மலை சைக்கிள் ஒன்று கொச்சி மட்டாஞ்சேரியில் உன் கடைக்கு வந்திருக்கிறது. ஸ்டீல் பிரேம், முன்னால் மூன்று பல்சக்கரம், மிதித்தால் அடியில் ‘டக் டக்’ என்று சத்தம். சொந்தக்காரர் பி.பி. என்கிற பாட்டம் பிராக்கெட்டையும் கிராங்கையும் கழற்றிவிட்டு ஹாலோடெக் போடச் சொல்கிறார். போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடலாம். ஆனால் அதைக் கடைசியில் முடிவு செய்வோம். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி.

செயினைப் பல்சக்கரத்திலிருந்து எடுத்துத் தொங்கவிடு. இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஒன்று மட்டும் ஆடினால் அது அச்சில் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் பேரிங் போய்விட்டது. பிறகு சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் கிராங்கை மெதுவாகச் சுற்று. உள்ளே மணல் இருந்தால் விரலுக்குத் தெரியும். இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லையென்றால் பெடல், சீட் போஸ்ட், பல்சக்கர போல்ட் எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்துவிட்டு வா. பிரேம் குழாய் சத்தத்தைக் கடத்தும். சீட்டில் எழும் சத்தம் அடியில் கேட்கும். நல்ல பி.பி.யைக் கழற்றி எறிந்த கடைகள் நிறைய இருக்கின்றன.

பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கறுப்பு சைக்கிள்களில் காட்டர் பின்னைத் தட்டித் தட்டிப் பழகிய கை உன்னுடையது. அந்த வேலைக்குச் சுத்தியல் வேண்டும். இந்த வேலைக்கு வேண்டாம். சதுர அச்சில் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கிராங்கை அடித்து எடுக்கவே கூடாது. அதற்கென்று கிராங்க் புல்லர் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றியதும் உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அதை எடுக்காமல் புல்லரை முறுக்கினால் புல்லர் வாஷரைத்தான் தள்ளும். கிராங்கின் மரை பிய்ந்து கையோடு வரும். மரையில் இருக்கும் அழுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, புல்லரை முதலில் விரலாலேயே கடைசி வரை ஏற்று. அதன் பிறகுதான் ஸ்பானர்.

அடுத்தது, பேரிங்கைப் பிரேமில் பிடித்து வைக்கும் கப். நம் ஊரில் ஓடும் மலை சைக்கிள்களில் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. மரைதான் இருக்கும். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்து, தமிழ்நாடு முழுக்க ஓடிய சைக்கிளின் அதே பெயர். பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனியிலிருந்து வந்தது. ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இடப்பக்கக் கப் வழக்கம்போல வலப்புறம் சுற்றினால் இறுகும். வலப்பக்கக் கப் இடப்புறம் சுற்றினால்தான் இறுகும், வலப்புறம் சுற்றினால் கழலும். காரணம் தெரிந்தால் மறக்காது: மிதிக்கும்போது பேரிங் குண்டுகள் உருண்டு உருண்டு கப்பை எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தப் பார்க்கும். அந்தப் பக்கம் சாதாரண மரை வைத்தால் ஓட ஓடக் கழன்று வரும். போர்ட் கொச்சிக்கு வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவரும் சைக்கிளில் பழைய இத்தாலிய பிரேம் அகப்பட்டால் மட்டும் நிதானி. அதில் இரண்டு பக்கமும் சாதாரண மரை, பி.பி. உட்காரும் குழாயான ஷெல்லின் அகலமும் 70 மி.மீ. மலை சைக்கிளில் 68 அல்லது 73 வரும். கண்ணால் மதிப்பிடாதே, வெர்னியர் வைத்து அள.

உன் ஊரில் இந்தக் கப்புகள் சுலபமாக வராது. கடல் காற்று ஒரு பக்கம், ஜூனில் தொடங்கும் மழை ஒரு பக்கம், இவை போதாதென்று வேலியேற்றத்தில் கடல் பொங்கினால் மேற்குக் கொச்சித் தெருக்களில் உப்புத் தண்ணீரே நிற்கும். ஸ்டீல் ஷெல்லில் அலுமினியக் கப் இருந்தால் அந்த உப்பில் அலுமினியம் அரிபட்டு மரையோடு இறுகிப்போகும். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டுவை. மறுநாள் இடப்பக்கத்தில் தொடங்கு. கப்பின் பள்ளத்தில் உட்காரும் டூலை வெறுமனே பிடித்து நெம்பாதே, வழுக்கி எல்லாப் பற்களையும் மழித்துவிடும். கிராங்க் போல்ட்டையே ஒரு பெரிய வாஷரோடு அச்சில் ஏற்றி, டூல் நகராதபடி கட்டிவிட்டு, நீளமான கைப்பிடி போட்டுத் திருப்பு. அசைய மறுத்தால் இன்னொரு இரவு எண்ணெய். அவசரப்பட்டுப் பிரேமின் மரையைக் கெடுத்தால் அதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. கிராங்க், பேரிங், செயின் எதுவும் காசுக்குக் கிடைக்கும். இந்த வேலையில் நான் உனக்குச் சொல்ல நினைப்பது அடிப்படையில் இது ஒன்றுதான்.

கப் வெளியே வந்ததும் ஷெல்லின் உள்ளே துணியை விட்டுத் துடை. சீட் போஸ்ட் வழியாக இறங்கிய மழை அங்கேதான் தேங்கும். அடியில் வடிகால் ஓட்டை அடைத்திருந்தால் திறந்துவிடு. கழற்றிய பி.பி. கார்ட்ரிட்ஜின் மேல் 68-122.5 என்பதுபோல எண் அச்சாகியிருக்கும்; முதல் எண் ஷெல், அடுத்தது அச்சின் நீளம். அதை எழுதி வை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஹாலோடெக் நல்ல அமைப்புதான். இப்போதைய ஹாலோடெக் II 2003-ல் ஷிமானோவின் எக்ஸ்.டி.ஆர். மலை சைக்கிள் பாகங்களில் வந்தது. 24 மி.மீ. குழாய் அச்சு வலது கிராங்கோடு சேர்ந்தே இருக்கும், பேரிங் ஷெல்லுக்கு வெளியே உட்காரும். நின்று மிதிக்கிறவனுக்கு அந்த விறைப்பு காலில் தெரியும். ஆனால் ஷெல்லின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று நேராக இல்லையென்றால் இரண்டு பேரிங்கும் கோணலாக நின்று சீக்கிரம் தேய்ந்துபோகும். பழைய பிரேமுக்கு முகத்தைச் சீவும் கட்டர் வேண்டும். அது உன் கடையில் இல்லை. அந்தக் கருவி உள்ள பட்டறைக்குப் பிரேமை அனுப்ப முடியாதென்றால் ஹாலோடெக்கை எடுக்காதே. அதோடு, வெளியே நிற்கும் பேரிங் உங்கள் ஊர்த் தண்ணீரை நேராக வாங்கும்.

தினம் வெளி, அமராவதி, ஜூ டவுன் என்று ஊருக்குள்ளேயே சமதரையில் ஓட்டுகிறவருக்கு சதுர அச்சு மூடிய கார்ட்ரிட்ஜ் போதும். மலிவானது, ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, போட்டுவிட்டு மறந்துவிடலாம். புதுக் கிராங்க் வாங்கினால் அது எந்த நீள அச்சைக் கேட்கிறது என்று பார்த்து வாங்கு. பழையது 122.5 என்பதற்காகப் புதியதும் அதே கேட்கும் என்றில்லை. நடுப் பல்சக்கரம் சீட் குழாயின் மையத்திலிருந்து 47.5 முதல் 50 மி.மீ. தள்ளி நின்றால் செயின் நேராக ஓடும்.

சொந்தக்காரர் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் கேட்பார், அதற்கும் தயாராக இரு. 2023 அக்டோபரில் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்த பிறகு கேரளத்துப் பையன்களுக்கு அந்த ஆசை கூடியிருக்கும். பந்தய சைக்கிளில் பின்னால் 12 பல்சக்கரம், பெரியதில் 50 பல்லுக்கும் மேல். உன்னிடம் வந்திருப்பதில் ஏழுதான், பெரியது 28. முன்னால் 32 மட்டும் வைத்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் 1.14 சுற்று ஓடும். இப்போது இருக்கிற சின்னச் சக்கரமான 22-ல் 0.79 சுற்றுதான். கடற்கரைக்கு 32 தாராளம். நேரியமங்கலம் பாலம் தாண்டி மூணாறு ஏறுகிறவன் 22 இல்லாமல் இறங்கித் தள்ளுவான். ஆகவே சொந்தக்காரரிடம் எங்கே ஓட்டுவார் என்று கேள். அவர் பதிலைக் கேட்டபின் பாகத்தை ஆர்டர் செய்.

பொருத்தும்போது மரை முழுக்கத் தாராளமாகக் கிரீஸ் பூசு. படகு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தண்ணீர் தாங்கும் கிரீஸ் இன்னும் நல்லது. அச்சின் சதுரச் சரிவில் கிரீஸ் வேண்டுமா வேண்டாமா என்று மெக்கானிக்குகளுக்குள் தீராத சண்டை உண்டு. நான் துடைத்து உலர்வாகத்தான் ஏற்றுவேன். கப்பை முதல் சில சுற்று கையாலேயே ஏற்று. கை மறுத்தால் கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்துத் திரும்ப வை. சதுர அச்சின் கிராங்க் போல்ட் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஹாலோடெக் என்றால் இடப்பக்க மூடியை விரல் அளவுக்கு மட்டும் இறுக்கு, பிறகு இடது கிராங்கின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை. இதற்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிக்கொள், கடன் வாங்கியாவது வாங்கு. போல்ட் தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் சதுர ஓட்டை வட்டமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

சைக்கிளைக் கொடுக்கும்போது ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொல். வந்ததும் போல்ட்டைச் சரிபார்த்து அனுப்பு. அதற்குக் காசு வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்