பசுவின் தீனில் நார்ப்பொருள்

கண்டி நகரிலிருந்து பேராதனை, கலஹா, திகன, மாத்தளை ஆகிய எத்திசையிற் சென்றாலும், காலை வேளையிலே புற்கட்டைத் தலையிற் சுமந்து செல்வோரைத் தெருவோரத்திற் காணலாம். தோட்டத்து லயன்களிலும் கிராமத்து வீடுகளிலும் ஓரிரு பசுக்களை வளர்த்துப் பாலால் வருவாய் தேடுவோர் இவர்கள். பரந்த மேய்ச்சல் நிலம் இம்மலைச் சாரல்களில் அரிது. ஆதலின், இங்கே பசு புல்லை நாடிச் செல்வதில்லை. புல்லே பசுவை நாடி வருகின்றது. புல் வெட்டுவோர் பெரும்பாலும் கட்டின் பருமனையே நோக்குவர். உயர்ந்து முற்றிய புல்லை வெட்டினால் கட்டு விரைவில் நிரம்பும். ஆனால், கட்டு நிரம்பினாற் பாற்பாத்திரமும் நிரம்புமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பசு நாரை உண்ணும் வகை

மனிதர் புல்லை உண்டு உயிர்வாழ இயலாது. புல்லின் கலச்சுவர் செலுலோசு, அரைச்செலுலோசு முதலிய பொருள்களாலானது. அவற்றைச் சிதைக்கும் நொதியம் எமது குடலில் இல்லை. பசுவின் உடலும் அந்நொதியத்தைச் சுரப்பதில்லை என்பது பலர் அறியாத செய்தி. அதன் இரைப்பையின் நான்கு அறைகளுள் முதலாவதும் பெரியதுமான பெருவயிற்றிலே எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவையே நாரைப் புளிக்கச் செய்து அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் ஆகியவற்றை ஆக்குகின்றன. இவற்றை உறிஞ்சியே பசு தனக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியைப் பெறுகின்றது. பாற்கொழுப்பின் ஏறக்குறைய பாதியும் அசற்றிக்கமிலம் முதலியவற்றிலிருந்தே மடியில் உருவாகின்றது. எனவே, பசுவுக்குத் தீனிடுதல் என்பது முதற்கண் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனிடுதலேயாம்.

நீண்ட நாருக்கு மற்றுமொரு பணி உண்டு. அது பெருவயிற்றின் சுவரை உறுத்தி, பசுவை அசைபோடத் தூண்டுகின்றது. நலமுள்ள பசு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை அசைபோடும். பெரிய கறவைப் பசு நாளொன்றில் 100 லீற்றருக்கும் மேற்பட்ட உமிழ்நீரைச் சுரக்கின்றது. அதிலுள்ள இருகாபனேற்று, வயிற்றிலே பெருகும் அமிலத்தைத் தணித்து நுண்ணுயிர்களைக் காக்கின்றது.

எல்லா நாரும் ஒரே தன்மையதன்று

இளம்புல்லின் கலச்சுவர் மென்மையானது. புல் முதிர்ந்து தண்டு நீண்டு பூக்கும் பருவம் எய்தும்போது, அச்சுவரில் இலிக்னின் என்னும் மரத்தன்மையுள்ள பொருள் படிகின்றது. அப்பொருளை நுண்ணுயிர்களாற் சிதைக்க இயலாது. அதுமட்டுமன்று, அது செலுலோசையும் சூழ்ந்து நின்று, நுண்ணுயிர்கள் அதனை அணுகாவண்ணம் தடுக்கின்றது.

இவ்வேறுபாட்டை அளவிட முற்காலத்தில் வழியிருக்கவில்லை. செருமனியிலுள்ள வேண்டே என்னுமிடத்தில் 1860களில் வகுக்கப்பட்ட முறையே நூறாண்டு காலம் எங்கும் வழங்கியது. தீனை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து, எஞ்சியதைப் பருநார் எனக் கொண்டனர். ஆயின், காரத்திலே இலிக்னினின் ஒரு பகுதியும் கரைந்துபோகும். எளிதிற் செரிக்கும் பொருள்களின் கணக்கில் அது சேர்ந்துவிடும். 1960களில் பீற்றர் வான் சூஸ்ற் என்ற அமெரிக்க அறிஞர் சலவைப்பொருட் கரைசலைக்கொண்டு கலச்சுவர் நாரை முழுமையாகப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். பசு எவ்வளவு தீனை உண்ணும் என்பதை முன்கூட்டி மதிப்பிட அம்முறை வழிகாட்டியது.

ஒரு சிறு கணக்கு

பசு உண்ணக்கூடிய கலச்சுவர் நாரின் அளவு, நாளொன்றுக்கு அதன் உடல் நிறையில் நூற்றுக்கு 1.2 பங்கு எனப் பொதுவாகக் கொள்வர். 400 கிலோகிராம் நிறையுள்ள பசுவுக்கு இது 4.8 கிலோகிராம் ஆகும். இளம்புல்லின் உலர்பொருளில் நூற்றுக்கு 60 பங்கு இந்நார் எனக் கொள்வோம். பசு 8 கிலோகிராம் உலர்பொருளை உண்ணும். முற்றிய புல்லில் அது 75 பங்காயின், 6.4 கிலோகிராம் உண்டதும் வயிறு நிறைந்துவிடும். முன்னதில் நூற்றுக்கு 62 பங்கும் பின்னதில் 50 பங்கும் செரிக்குமெனின், செரித்த பொருள் முறையே ஏறக்குறைய 5 கிலோகிராமும் 3.2 கிலோகிராமும் ஆகும்.

இத்தகைய பசு தன் உயிரைப் பேணுவதற்கு மட்டும் செரிக்கும் பொருள் 3 கிலோகிராமுக்குச் சற்று அதிகமாக வேண்டும். ஒரு லீற்றர் பாலுக்கு மேலும் மூன்றிலொரு கிலோகிராம் வேண்டும். ஆகவே, முற்றிய புல்லை உண்ணும் பசு தன்னுயிரை மாத்திரமே காத்துக்கொள்கின்றது. இளம்புல்லை உண்ணும் பசுவோ தன்னையும் காத்து, ஏறக்குறைய 5 லீற்றர் பாலுக்கு வேண்டிய சக்தியையும் பெறுகின்றது. இரண்டின் வயிறும் நிறைந்தே இருக்கும். கறக்கும்போதுதான் வேற்றுமை தெரியும்.

கண்டிப் பகுதியின் தீன்வகைகள்

இப்பகுதியின் தெருவோரங்களில் தானே செழிக்கும் கினிப்புல்லே ஏழையின் முதல். அதனைப் பூக்குமுன், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுதல் நன்று. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து உருவாக்கிய கோ-3 என்னும் இனம் 1999ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தது. அதனை 35 முதல் 45 நாளுக்குள் வெட்டல் வேண்டும். ஆளுயரம் வளரட்டும் எனக் காத்திருப்பின், விளைவது கரும்பு போன்ற தண்டே. கன்னொறுவையிலுள்ள கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் புல்லினங்களைப் பற்றிய ஆய்வுகளை நடத்தி வருகின்றது. வளர்ப்போர் ஆங்கு ஆலோசனை பெறலாம்.

தை முதல் பங்குனி வரையுள்ள வறட்சிக் காலத்திற் புல் அருகும். பெரும்போக அறுவடையின் வைக்கோல் அக்காலத்திலேயே கிடைக்கின்றது. ஆயின், வைக்கோலிற் புரதம் நூற்றுக்கு 4 பங்களவே உண்டு. தீனிற் புரதம் 7 பங்கிற் குறையின் நுண்ணுயிர்கள் சோர்ந்து நாரைச் சிதைக்கமாட்டா. 1980களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கொரு பரிகாரத்தை ஆராய்ந்தனர். 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்து, 100 கிலோகிராம் வைக்கோலிற் சீராகத் தெளித்து, காற்றுப் புகாவண்ணம் மூடி, இரண்டு அல்லது மூன்று வாரத்தின் பின் கொடுப்பதே அம்முறை. யூரியா அளவு மீறினாலும் கரையாது நின்றாலும் நஞ்சாகும் என்பதை மறத்தலாகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இதனைக் கொடுத்தலும் ஆகாது.

யூரியா வாங்க வசதியற்றோருக்கு வேலியிலேயே மருந்து உண்டு. மிளகுக்கொடி படரவும் தேயிலைக்கு நிழல் தரவும் நாட்டப்படும் கிளிரிசிடியாவின் இலையிற் புரதம் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேல் உண்டு. 2005ஆம் ஆண்டில் இலங்கை அரசு இதனை நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. மணத்தை வெறுத்துப் பசு முதலில் ஒதுக்கக்கூடும். சில மணி நேரம் வாடவிட்டுப் புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்தால் பழகிக்கொள்ளும்.

நார் குறைதலும் கேடு

முற்றிய நார் தீதெனக் கண்டு நாரையே குறைத்துவிடல் மற்றொரு பிழையாகும். பால் பெருகவேண்டுமெனத் தவிட்டையும் புண்ணாக்கையும் மிகுதியாக ஊட்டினும், புல்லை மாவெனப் பொடியாக்கிக் கொடுப்பினும், பசு அசைபோடாது. உமிழ்நீர் குறையும், பெருவயிறு புளிக்கும், குளம்பு நோய் தோன்றும், பாலிற் கொழுப்புக் குறையும். பால் சேகரிக்கும் நிலையங்களிற் கொழுப்பை அளந்தே விலை தருவராதலால், செலவு மிகுந்து வரவு குன்றும். ஓய்வாகப் படுத்திருக்கும் பசுக்களுட் பாதிக்கு மேற்பட்டவை அசைபோடுகின்றனவா என நோக்குக. ஆய்வுகூடமின்றி எவரும் செய்யக்கூடிய சோதனை இதுவே.

முடிவுரை

புல்லை அதன் உயரத்தால் அன்றி வயதால் மதித்தல் வேண்டும். இளமையில் வெட்டுதல், விரலளவு நீளத்துக்கு நறுக்குதல், வறட்சிக்கு முன்னரே வைக்கோலையும் இலைதழையையும் தேடிவைத்தல், அடர்தீனைப் புல்லுக்குத் துணையாக மட்டும் இடுதல் ஆகிய நான்கும் பெரும்பொருட் செலவின்றிச் செய்யத்தக்கன. ஆயின், அடிக்கடி வெட்ட அருகிலே புல் வேண்டும். நெடுந்தொலைவு நடந்து புல் தேடுபவர் கிடைத்ததையே வெட்டுவார். அவர்மீது குறைகூறுதல் முறையன்று. எம் கல்லூரியிற் கற்று இன்று நிலமுடையோராயும் தோட்ட நிருவாகிகளாயும் விளங்கும் பழைய மாணவர்கள், பயிருக்கு உதவாத ஓரத்து நிலத்திற் சிறிதளவைப் புல் நடுவதற்கு விட்டுக்கொடுப்பாராயின், அந்நிலத்தின் பயன் பல குடும்பங்களின் பாற்பாத்திரங்களிலே காணப்படும்.