தலைமடையும் கடைமடையும்

பருத்தி வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்களுக்கு இடையே உள்ள சாலில் நீர் மெல்ல ஊர்ந்து செல்லும். கடைசிச் செடியைத் தொட்டதும் மடையை அடைத்து, நீரை அடுத்த சாலுக்குத் திருப்பிவிடுவார்கள். சால் முழுவதும் நனைந்துவிட்டது. ஆனால், எல்லாச் செடிகளும் சமமாக நீர் பெற்றனவா? இல்லை!

மண்ணுக்குள் இறங்கும் நீரின் அளவு, அவ்விடத்தில் நீர் நின்ற நேரத்தைப் பொறுத்தது. நீர் புகும் முனையைத் தலைமடை என்றும், கடைசி முனையைக் கடைமடை என்றும் கொள்வோம். தலைமடையில் நீர் நெடுநேரம் நிற்கிறது. கடைமடைக்குத் தாமதமாகவே வருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வேர்ப்பகுதிக்கு 50 மி.மீ. நீர் தேவை, அது மண்ணில் இறங்க 120 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மண் முதலில் நீரை வேகமாக உறிஞ்சும். நனைய நனைய வேகம் குறையும். எனவே, இறங்கும் நீர் நேரத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

நீர் கடைமடையை அடையவே 120 நிமிடம் ஆனால், அங்கு 50 மி.மீ. இறங்குவதற்குள் தலைமடையில் 240 நிமிடம் நின்றிருக்கும். அங்கு இறங்குவது 50 × √2, அதாவது ஏறத்தாழ 71 மி.மீ. மிகுதியான 21 மி.மீ. நீர் வேருக்கு எட்டாத ஆழத்திற்குச் சென்றுவிடும்; தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

நீர் 30 நிமிடத்தில் கடைமடையை அடைந்தால்? தலைமடையில் இறங்குவது சுமார் 56 மி.மீ.தான். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. நீர் என்பது 10,000 லிட்டர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது: நீர் கடைமடையை அடையும் நேரம், தேவையான அளவு மண்ணில் இறங்கும் நேரத்தில் கால் பங்காக இருந்தால் நல்லது. இதற்கு நிலத்தைச் சீராகச் சமப்படுத்தவேண்டும். மணற்பாங்கான நிலத்தில் சாலின் நீளத்தைக் குறைக்கவேண்டும். முதலில் மண் அரிக்காத அளவுக்கு மிகுதியாக நீர் விட்டு, கடைமடையை எட்டியதும் குறைத்துவிட வேண்டும். இல்லையேல் நீர் வழிந்து வீணாகும்.

விடுமுறையில் ஒரு சாலில் 10 மீட்டருக்கு ஒரு குச்சி நடுங்கள். ஒவ்வொரு குச்சியையும் நீர் வந்தடைந்த நேரத்தையும், அங்கு நீர் வற்றிய நேரத்தையும் குறித்து வரைபடம் போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளியே அங்குள்ள செடிக்குக் கிடைத்த நேரம். கோடுகள் எங்கே நெருங்குகின்றனவோ, அங்குள்ள செடிதான் தாகத்தோடு நிற்கிறது!