கணக்கு தொலையவில்லை, எழுத்துதான் மாறியிருக்கிறது



கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை மாடி வீட்டுக்குக் கொண்டுபோய், இரவில் பற்று வரவு எழுதுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஒருநாள் பென் டிரைவைச் செருகினால் திரையில் அது தெரியாது. அல்லது, கணக்குப் புரோகிராம் 'விவரம் இல்லை' என்று கையை விரிக்கும். வாடிக்கையாளர் நிலுவையெல்லாம் போயிற்றே என்று மனம் பதறும். பல சமயம் எதுவும் போயிருக்காது; டிரைவின் எழுத்துதான் மாறியிருக்கும்.

எழுத்து எதற்கு?

கிடங்கில் அறைக்கு எண் போடுவதுபோலத்தான் இது. 'ஏ', 'பி' பிளாப்பிக்கு உரியவை. 'சி' ஹார்ட் டிஸ்குக்கு. மற்றவை அதற்குப் பின். மூட்டை இருந்த இடத்திலேயே இருக்க, கதவு எண்ணை மட்டும் மாற்றிவிட்டால் கடைப் பையன் வெறுங்கையோடு திரும்புவான் அல்லவா? புரோகிராமும் அப்படியே.

விண்டோஸ் 98-இல்

ஒரே ஹார்ட் டிஸ்கை 'சி', 'டி' என்று பிரித்து, கணக்கை 'டி'-யில் வைத்திருப்போம். இரண்டாவது டிஸ்கைப் பொருத்தி அதில் பிரைமரி பகுதி இருந்தால், 'டி' என்ற எழுத்து அதற்குப் போய்விடும். பழைய 'டி' இனி 'ஈ'. கம்ப்யூட்டரை அணைத்து, புது டிஸ்கைக் கழற்றிப் பாருங்கள். கணக்கு திரும்பி வரும். நிலையான வழி, விவரம் ஏதும் ஏற்றாத புது டிஸ்கில் பிரைமரி பகுதி இல்லாமல் எக்ஸ்டென்டட் பகுதி மட்டும் அமைப்பது.

விண்டோஸ் எக்ஸ்பி-யில்

கல்லா கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, அதன் ஃபோல்டருக்கு 'எஃப்' என்று எழுத்து கொடுத்திருப்போம். பென் டிரைவுக்கும் எக்ஸ்பி அதே 'எஃப்'-ஐக் கொடுத்துவிடுவது உண்டு. அப்போது பென் டிரைவ் கண்ணில் படாது. சரிசெய்யும் முறை:

1. அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில் நுழைந்து, பென் டிரைவைச் செருகுங்கள்.
2. 'மை கம்ப்யூட்டர்' மீது வலது பொத்தானை அழுத்தி 'மேனேஜ்', அதில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' செல்லுங்கள்.
3. பட்டியலில் பென் டிரைவை அதன் கொள்ளளவைக் கொண்டு அடையாளம் காணுங்கள்.
4. அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', பிறகு 'சேஞ்ச்' கொடுங்கள்.
5. யாரும் பயன்படுத்தாத 'எம்' போன்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்து 'ஓகே' கொடுங்கள்.

அந்தப் பென் டிரைவுக்கு அந்த எழுத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

செய்யக் கூடாதவை

அதே பட்டியலில் 'ஃபார்மட்' என்றும் ஒன்று இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் உண்மையிலேயே கணக்கு போய்விடும். விண்டோஸ் இருக்கும் 'சி'-யையும், புரோகிராம்கள் ஏற்றிய டிரைவின் எழுத்தையும் தொடாதீர்கள். 'விவரம் இல்லை' என்றதும் அதே கடைப் பெயரில் புதுக் கணக்கு தொடங்கவும் வேண்டாம். பாதி வரவு பழையதிலும் பாதி புதியதிலும் நின்றால், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தலைவலிதான்.

எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. எனவே அக்கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காமல் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது நலம். எந்த எழுத்தில் எது இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். இன்றே ஒரு நகல் எடுத்து, அது வேறு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பேரேட்டைப் பூட்டி வைப்பதோடு, சாவி இருக்குமிடத்தையும் தெரிந்து வைத்திருப்பவரே நல்ல வியாபாரி.